வால் நோட்டு

“காயிதத்துல படிச்சு வந்த புள்ள நீ. எலிக்கு வால் அறுக்க வருமா சாமி உனக்கு?”

வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், பதிவறை வாசலில் நின்ற என்னிடம் பதிவறை எழுத்தர் கேட்டது இது. அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ரெக்கார்டு அம்மா என்பார்கள். நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வாசற்படியில் ஒரு எலி செத்துக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு சாம்பல் நிறப் பூனை, முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. அது எலியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுக் கயிறு அறுக்கும் சிறு கத்தியை அம்மா என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து, எலியின் வாலை இழுத்துப் பிடித்து அடியோடு அறுத்துக் கொடுத்தேன். நாமக்கல் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்க்கும் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பிறந்தவள் நான். பண்ணைக்குள்ளேயே எங்கள் வீடு. கூண்டில் செத்துக் கிடக்கும் கோழிகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் தினமும் பள்ளிக்கூடம் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அரசுத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினேன்.

அம்மா வாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பயமில்ல உனக்கு,” என்றார். “பெரும இருக்குது. ரெண்டுல எது கெடுதின்னு போகப்போகப் பாத்துக்கலாம்.”

கோப்புகளைக் கட்டும் பச்சை டேக்கில் அந்த வாலைக் கோத்து ஆணியில் மாட்டினார். ஏற்கெனவே அதில் ஏழெட்டு வால்கள் காய்ந்து தொங்கின. ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். அட்டையில் ‘வால் நோட்டு’ என்று மணிமணியான கையெழுத்து. தேதி எழுதி, பக்கத்தில் ஒன்று என்று போட்டு, சுருக்கொப்பம் வைத்தார். அதற்குப் பிறகுதான் நசுங்கிய அலுமினியத் தட்டில் அரைத் தம்ளர் பாலை ஊற்றி, எலியையும் காலால் பூனையின் பக்கம் தள்ளினார்.

“சாப்புடுங்க மேடம்.”

பூனையின் பெயர் மேடம்.

ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. தூசிக்காகப் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். வலது கட்டைவிரலில் தாள் புரட்டும் ரப்பர் உறை. பேசும்போதும், நடக்கும்போதும், கும்பிடும்போதும் அது விரலிலேயே இருக்கும். தினமும் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எந்தக் கிராமத்தின் எந்த வருடத்துப் பதிவேடு எந்த அடுக்கில் எத்தனையாவது கட்டு என்று கணினிக்குத் தெரியாத காலத்திலும் அவருக்குத் தெரியும். கணினி வந்த பிறகும் அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கட்டடத்தில் பூனை வைத்திருப்பது அவர் காலத்துக்கும் முந்திய வழக்கம். எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை என்பதால் பழைய பதிவேடுகள் எல்லாம் அந்த மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டவை. எலிகளுக்கு அது பலகாரம். விஷம் வைத்தால் கட்டுகளுக்கு நடுவே போய்ச் செத்து, எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் மாதக்கணக்கில் நாறும். அதனால் பூனை. எந்த அரசாணையிலும் அது இல்லை. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் “பூனை இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இதற்கு முந்திய பூனைக்குக் காவலாளி தினமும் தயிர்சோறு போட்டாராம். அது கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வருடத்தில் ஒரு கிராமத்தின் பதிவேடுகள் முழுசாகத் தூளாயின. ரெக்கார்டு அம்மாவுக்கு மெமோ வந்தது. அந்த மெமோவை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். ஒருமுறை எனக்குக் காட்டியும் இருக்கிறார்.

“வயிறு நெறஞ்சா கண்ணு மங்கிரும்,” என்றார் அன்று. “பூனைக்கு மட்டுமில்ல.”

வால் உண்டென்றால் பால் உண்டு. வால் இல்லாத நாளில் சாயங்காலம் ஒரு கை சோறு மட்டும், உயிர் நிற்க. அதுதான் அவர் சட்டம்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் முடியும்போது என் பெயருக்கு எதிரே ‘திருப்திகரம்’ என்ற சொல் விழ வேண்டும். விழாவிட்டால் பருவம் நீளும், அல்லது வேலை போகும். போனால் நான் திரும்பிப் போகும் இடத்தில் எனக்காக முட்டை அட்டைகள் அடுக்கி வைத்திருக்கும். பதிவறையில் நான் எப்படி என்று வட்டாட்சியர் விசாரிக்கக்கூடிய ஆள் ரெக்கார்டு அம்மா ஒருவர்தான். முதல் வாரத்திலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

“பால் என் கைல இருக்குது சாமி. அவளுக்கும் சரி, உனக்கும் சரி.”

ஒரு நாள் ஒரு பெரியவர் பாகப் பிரிவினை வழக்குக்காகத் தன் தாத்தா காலத்துப் பதிவேட்டின் நகல் கேட்டு வந்திருந்தார். காலை பத்து மணிக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஒரு மணிக்குக் கதவருகே வந்து தலையை நீட்டினார்.

“ஏனுங்கம்மா, ஒரு வாய் சாப்புட்டு வந்தறட்டுங்களா?”

“தாராளமாப் போங்க. நீங்க வரும்போது நான் வேற கட்டுல இருப்பன்.”

பெரியவர் பெஞ்சுக்கே திரும்பிப் போனார். மூன்றரை மணிக்கு நகலைக் கொடுத்தார் அம்மா. ஒரு பிழை இல்லை, ஒரு மைக்கறை இல்லை. பெரியவர் கும்பிட்டுவிட்டு, பையிலிருந்த கொய்யாப் பழங்களை மேசைமேல் வைக்கப் பார்த்தார்.

“எடுத்துட்டுப் போங்க. பஸ்ஸுல பசிக்கும்,” என்றார் அம்மா.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: “பத்தேமுக்காலுக்கே எடுத்து வெச்சுட்டன்.”

“அப்பறம் எதுக்குங்கம்மா ஒக்கார வெச்சீங்க?”

“கெடச்சதோட அரும தெரியோணுமல்ல. சுளுவாக் கெடச்சா பஸ்ஸுலயே உட்டுட்டு எறங்கிருவாங்க.”

அவர் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. தனக்கும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். அன்றைக்கு இத்தனை கட்டு தூசி தட்டி அடுக்க வேண்டும் என்று காலையில் குறித்துக்கொள்வார். அது முடியும்வரை அவருடைய சாப்பாட்டுக் கூடை மேசையின் ஓரத்தில் மூடியே இருக்கும். சில நாள் நான்கு மணி ஆகிவிடும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொள்வார். கூடையைத் திறக்க மாட்டார். அதனால்தான் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

அவர் வீட்டுக்காரர் இதே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து செத்துப்போனவர். கருணை அடிப்படையில் வேலை கேட்டு இவர் நான்கு வருடம் நடந்திருக்கிறார்.

“இதே பெஞ்சுதான். யாராச்சும் ஒருத்தரு, டீ குடிச்சியா தாயின்னு கேட்டாங்களா? கேக்கல. கேக்காததுனாலதான் பத்தாவது பெயிலானவ ஊட்டுல ஒக்காந்து மறுபடி எழுதிப் பாஸ் பண்ணுனன். கேட்டிருந்தா அழுதுட்டு அப்படியே கெடந்திருப்பன்.”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை எதில் சேர்ப்பதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

என் இரண்டாம் வருடத்து மாசி மாதத்துக்குள் வால் நோட்டில் பூச்சியங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. மேடம் சோம்பேறியாகிவிடவில்லை. பதிவறையில் எலியே இல்லை. இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீர்த்துவிட்டிருந்தது. வேலையை முடித்துவிட்டதுதான் அது செய்த தப்பு.

அலுவலக ஜீப் ஓட்டுநர் போகிற போக்கில் எட்டிப் பார்ப்பார். “மேடத்துக்கு இன்னைக்கும் சி.எல். லீவுங்களாம்மா?”

“டூருங்க. பின்னாடி சாக்கடை வரைக்கும்,” என்பார் அம்மா, தலையைத் தூக்காமல்.

அந்த நேரத்தில்தான் மேடம் குட்டி போட்டது. மேல் அடுக்கில், கட்டுகளுக்குப் பின்னால், மூன்று. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது மேடத்துக்கு. பால் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். பிறகு எழுந்து, ஏணிப் படிகளில் தாவி மேலே போகும்.

நான் ஒரு காரியம் செய்தேன். போன மாதத்து டேக்கிலிருந்து ஒரு வாலை உருவி, தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வாசற்படியில் போட்டுவைத்தேன். எலியைத் தின்றுவிட்டு வாலை மட்டும் விட்டிருக்கிறது என்று சொல்லலாமென்று எண்ணம். அம்மா வாலைக் கையில் எடுத்தார். ரப்பர் உறையை விரலிலிருந்து கழற்றினார். நான் அந்த வெறும் விரலைப் பார்த்தது அப்போதுதான்; தண்ணீரில் கிடந்தது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்த விரலால் வாலை இரண்டு தடவை நீவினார்.

“இது போன மாசத்து வால்.”

அம்மா வாலை மறுபடியும் டேக்கில் கோத்தார்.

“இல்லாததை எழுத வெச்சிருப்ப என்னைய. ரெண்டு நாளைக்குப் பாலுமில்ல, சோறுமில்ல. உனக்கில்ல சாமி, அவளுக்கு. உன்னையத் திட்டுனா நீ மறந்துருவ.”

இரண்டு நாளும் மேடம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. ‘அந்தக் கட்டை எடு’ என்பதைக்கூட ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினார். ‘திருப்திகரம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு வருடத்துக்கு மேலாக இங்கே தூசி தின்கிறேன். ஒரு பூனைக்காக அதைக் கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுத விரும்பவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் அவராகவே கேட்டார்: “உங்க பண்ணைல கெழட்டுக் கோழி முட்டை வெக்கறத நிறுத்திருச்சுன்னா என்ன பண்ணுவாங்க? கறிக்கா?”

அவர் பேசிவிட்ட சந்தோஷத்தில் நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.

“இல்லீங்கம்மா, மொதல்ல தீனிய நிறுத்திருவாங்க. ஒரு வாரம், பத்து நாளு. எறகெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கும். அப்பறம் தீனி போட்டா, புதுக் கோழியாட்ட மறுபடியும் முட்ட வெக்குமுங்க.”

“சாவாதா?”

“சாவறது சாவுமுங்க. தாங்குறதுதான் அப்பறம் வெக்கும்.” இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “பாரு! கோழிக்காரனுக்குத் தெரிஞ்சது இந்த ஆபீசுல ஒருத்தனுக்குந் தெரியல.”

வால் நோட்டை இழுத்து, அன்றைய தேதிக்கு எதிரே ‘தீனி நிறுத்தம்’ என்று எழுதினார். சாயங்காலத்து ஒரு கை சோறும் அன்றோடு நின்றது. பண்ணையில் தீனி நிறுத்தும் கோழிகளுக்குப் பால் கொடுக்க வேண்டிய குட்டிகள் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை. அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய்.

ஆறாம் நாள் மேடம் வட்டாட்சியரின் அறைக்குள் நுழைந்து, அவருடைய சாப்பாட்டுக் கேரியரைத் தட்டிவிட்டு, வறுத்த மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. வட்டாட்சியர் நல்ல மனிதர். சிரித்துவிட்டார். “பசிச்சிருக்கும், பாவம். ஏனுங்கம்மா, நீங்க ஒண்ணும் போடறதில்லீங்களா?” என்று பதிவறை வாசலில் வந்து நின்று கேட்டார்.

அம்மா எழுந்து நின்றார். காதுமடல் சிவந்துவிட்டது. மெமோ வந்தபோதுகூட அவர் இவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலை ஒரு சாக்கோடு வந்தார். “கொல்றது பாவம். லாரில ஏத்தி உட்டா எங்கியாச்சும் போய்ப் பொழச்சுக்கும்,” என்றார். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை. தினமும் ஏதாவது ஒரு வண்டி வடக்கே கிளம்பும்.

அலுமினியத் தட்டில் பால் ஊற்றினார். அரைத் தம்ளர் இல்லை, முழுத் தம்ளர். மேடம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தது, அவர் தலையசைத்தார், அது குனிந்து குடிக்கத் தொடங்கியது. அவர் சாக்கைக் கவிழ்த்தார்.

“கட்டு.”

கட்டினேன். பதிவேட்டுக் கட்டுகளுக்குப் போடும் முடிச்சு. எவ்வளவு ஆட்டினாலும் தளராது. சாக்குக்குள்ளிருந்து நகம் என் உள்ளங்கையில் கீறியது. நான் பிடியை விடவில்லை.

“நல்லாக் கட்டுற,” என்றார் அம்மா.

நான் சேர்ந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“எங்கீங்க போவுது வண்டி?” என்று பட்டறையில் கேட்டார்.

“நாக்பூருங்கக்கா,” என்றார் லாரிக்காரர், சாக்கை வாங்கிக்கொண்டே. “என்னங்க இது, கத்துது?”

“கத்தாது. கொஞ்ச தூரம் போனா அடங்கிரும்.”

குட்டிகள் அன்று மத்தியானத்திலிருந்து கத்த ஆரம்பித்தன.

“அம்மா, குட்டிக...”

“தெரியும். பசிச்சா எறங்கும். எறங்குனா வேலை கத்துக்கும்.”

“நடக்கவே இன்னுஞ் சரியாத் தெரியாதுங்கம்மா.”

அவர் கட்டைவிரலால் ஒரு தாளைப் புரட்டினார். “ஏணில கால் வெச்சீன்னா ரிப்போர்ட்டுல ஏறும். பாத்துக்க.”

ஏணி என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. ஆறு படிகள். என் பையில் மோர் இருந்தது, சோறு இருந்தது. நான் ஏறவில்லை. முதல் நாள் மூன்று குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. இரண்டாம் நாள் எத்தனை என்று சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் மனு கொடுக்க வந்த ஒரு பெண், “எங்கியோ கதவு கிறீச்சுங்குதுங்க,” என்றாள். அம்மா ஆமாம் என்றார். பூட்டும்போது சாவியை அவர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் காலையில் சத்தம் இல்லை. அம்மா தானே ஏறினார். கட்டுகளுக்குச் சுற்றும் சிவப்புத் துணி ஒன்றில் மூன்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றார். துணியை என்னிடம் கொடுத்து, பின்பக்கம் புங்க மரத்தடியில் புதைக்கச் சொன்னார். துணி கனக்கவே இல்லை.

அன்று அவர் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஓய்வுபெற்றார். சால்வை, மாலை, ஆளுக்கொரு பாராட்டு. அவர் பேசியது இரண்டே வரி: “யாருக்கும் நான் எதையுஞ் சும்மாக் குடுக்கல. யாருகிட்டயும் எதையுஞ் சும்மா வாங்கல.” எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். விழா முடிந்ததும் வட்டாட்சியர் என்னைக் கூப்பிட்டு, “உன்னையப் பத்தி அந்தம்மா நல்லாச் சொல்லியிருக்காங்கம்மா. ‘புள்ள தாங்கும்’னாங்க,” என்றார். தாங்குறதுதான் அப்பறம் வெக்கும் என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது.

ஐப்பசி மழைக்கு எலிகள் திரும்பி வந்தன. தடுக்க யாருமில்லை. ஒரு கிராமத்தின் பதிவேடுகள் ஓரம் முழுக்க அரிக்கப்பட்டுவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் நகல் கேட்டு வந்தால் கொடுக்க எங்களிடம் தூள்தான் இருக்கிறது. போன வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: பதிவறையில் வழக்கமாக இருந்துவந்த எலித் தடுப்பு ஏற்பாடு எப்போது, யாரால் கைவிடப்பட்டது? முன்னாள் பதிவறை எழுத்தரும், அவருக்குக் கீழே இருந்த இளநிலை உதவியாளரும் தனித்தனியே எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ரெக்கார்டு அம்மா போன் செய்தார்.

“சாமி, நல்லாருக்கியா? சாப்புட்டியா?”

அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சாப்புட்டனுங்கம்மா.”

“பூனை தானாப் போயிருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டன். குட்டி போட்ட பூனை எடம் மாத்தும், எல்லாருக்குந் தெரிஞ்சதுதான. நீயும் அதையே எழுதிரு. ரெண்டும் ஒண்ணா இருக்கோணும்.”

“குட்டிகளுங்கம்மா?”



“அதையும் தூக்கிட்டுப் போயிருச்சு,” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி: “உன் பருவம் முடிய ஒண்ணரை மாசந்தான் இருக்குது. கெட்டிக்காரி நீ. ஆத்தா அப்பன நெனச்சுக்க. கொழப்பிக்காத.”

“செரிங்கம்மா,” என்றேன். என்ன சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை பத்தே காலுக்குத் தபால் பிரிவில் என் விளக்கத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கம். தேதிகளும் அவர் சொன்னவையும் நான் சொன்னவையும் நான் ஏறாத ஏணியும் அதில் இருக்கின்றன. முதல் பத்தி மட்டும் ஒரே வரி: சாக்கின் வாயைக் கட்டியவள் நான்.